ஆங்கில வாக்கியம் புரிய, முதலில் வினைமுற்றைத் தேடுங்கள்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்வார்கள்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு கம் டு ஸ்கூல் டுடே.’ லீவ் லெட்டர் வாக்கியம். சின்ன வகுப்பிலேயே எழுதப் பழகிவிடுகிறோம். இலக்கணப்படி இது காம்ப்ளக்ஸ் வாக்கியம், அதாவது கலவை வாக்கியம். உள்ளே இரண்டு க்ளாஸ் இருக்கின்றன. அதே பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்து, ‘கீழ்க்கண்டதைக் காம்ப்ளக்ஸ் வாக்கியமாக மாற்று’ என்ற கேள்வியைப் பார்த்தால் மிரண்டுபோகிறது.

க்ளாஸ் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வழியாக யாரும் சொல்லவில்லை என்பதுதான் காரணம். ‘டூ வந்தால் ஸோ தட் போடு’, ‘ஆல்தோ வந்தால் பட் போடாதே’ என்று சூத்திரங்களாகவே போய்ச் சேருகிறது. சூத்திரம் பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடும். ஆனால் தமிழ் வகுப்பில் எழுவாய், பயனிலை, வினைமுற்று, எச்சம் என்றெல்லாம் படித்தோமே, அந்த அறிவு நம்மிடம் சும்மாதான் கிடக்கிறது. ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க அது போதும். என் நம்பிக்கை இதுதான்: தமிழ் எச்சத்தைப் புரிந்துகொண்டவருக்கு ஆங்கில க்ளாஸ் புரியாமல் போகவே முடியாது.

க்ளாஸ் என்பது எது?

முதலில் ஒரு விஷயம். இது வகுப்பு என்ற பொருளில் வரும் கிளாஸ் இல்லை. அதனால் ‘க்ளாஸ்’ என்று எழுத்தில் கொஞ்சம் வேறுபடுத்தியிருக்கிறேன். ஓர் எழுவாயும் அதற்குரிய ஒரு வினைமுற்றும் சேர்ந்தால் ஒரு க்ளாஸ். அவ்வளவுதான். சில வாக்கியத்தில் ஒரே ஒரு க்ளாஸ் இருக்கும், சிலவற்றில் இரண்டு, மூன்று, அதற்கு மேலும் இருக்கலாம்.

அப்படியானால் ஆங்கிலத்தில் வினைமுற்று எது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். தமிழில் இது எளிது. ‘வந்தான்’ என்றால் முற்று, ‘வந்து’, ‘வந்த’ என்றால் எச்சம், காதுக்கே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் வினைபோலத் தோன்றும் சொற்கள் பல இருக்கும், அவற்றில் சிலதான் முற்று. இதற்கு நம்பகமான ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தை நேற்றைக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் முற்று.

லீவ் லெட்டர் வாக்கியத்திலேயே செய்யலாம். ‘ஆஸ் ஐ வாஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ வாஸ் அனேபிள் டு கம் டு ஸ்கூல் யெஸ்டர்டே.’ டுடே யெஸ்டர்டே ஆனது போக மாறியவை இரண்டே இடங்கள்: முதல் ‘ஆம்’ ‘வாஸ்’ ஆனது, இரண்டாவது ‘ஆம்’ ‘வாஸ்’ ஆனது. ‘சஃபரிங்’ மாறவில்லை. ‘டு கம்’ மாறவில்லை. இரண்டு முற்று, அதனால் இரண்டு க்ளாஸ். ‘சஃபரிங்’ என்பதும் ‘டு கம்’ என்பதும் வினையிலிருந்து பிறந்தவைதான், ஆனால் காலம் காட்டும் வேலை அவற்றுக்கு இல்லை. நம்முடைய எச்சம் போல இன்னொன்றைச் சார்ந்து நிற்கின்றன. ‘ஐ சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று எழுதினால் அது ஏன் தப்பு என்பதற்கும் இதுவே விளக்கம். முற்று இல்லாமல் வாக்கியம் முடிந்துவிட்டது.

பள்ளியிலோ வேலையிடத்திலோ ஆங்கிலப் பத்தி ஒன்றைப் படித்துப் புரியவில்லை என்றால், அகராதியைத் திறப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முற்றுகளின் அடியில் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் யார் என்று கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இடம்தான் உருபு

க்ளாஸுக்குள் சொற்கள் நிற்கும் வரிசை அடுத்தது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பது நம் வழக்கமான வரிசை. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பது ஆங்கில வரிசை. இது எல்லோரும் சொல்வதுதான். ஆங்கிலம் அந்த வரிசையை ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மனதில் நிற்கும்.

‘முருகன் மீனாவைப் பார்த்தான்’ என்றாலும் ‘மீனாவை முருகன் பார்த்தான்’ என்றாலும் நமக்குப் பொருள் ஒன்றே. யாரைப் பார்த்தான் என்பதை ‘ஐ’ உருபு சொல்லிவிடுகிறது; சொல் எங்கே நின்றாலும் கவலையில்லை. ஆங்கிலத்தில் ‘முருகன் சா மீனா’ என்பதைத் திருப்பி ‘மீனா சா முருகன்’ என்றால் பார்த்தவரே மாறிவிடுகிறார். அங்கே பெயரின்மேல் உருபு இல்லை. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பவர் செய்யப்பட்டவர். அதாவது, உருபு செய்யும் வேலையை இடம் செய்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொற்களை இடம் மாற்றிப் போடவும் இன்றைவிட வசதி இருந்தது. பிறகு வந்த நூற்றாண்டுகளில் அந்த விகுதிகள் தேய்ந்து மறைய, வரிசை இறுகிவிட்டது. மிச்சம் இன்னும் பிரதிப்பெயர்களில் இருக்கிறது: ஹி, ஹிம், ஷி, ஹெர், ஐ, மீ. ‘ஹிம்’ என்பதில் ‘அவனை’ என்ற உருபின் வாசனையை இன்றும் பார்க்கலாம்.

வினையின் விகுதிகளும் இப்படியே தேய்ந்தன. ‘வந்தேன்’ என்ற ஒற்றைச் சொல்லில் வந்தது நான் என்பது இருக்கிறது. ‘கேம்’ என்பதில் அது இல்லை. நானா, நீயா, அவர்களா என்று தெரியாது. ஆகவே ஆங்கில க்ளாஸில் எழுவாயை எழுதியே ஆக வேண்டும். எழுவாய் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத இடத்திலும் ‘இட் இஸ் ஹாட்’ என்று ஒரு ‘இட்’டைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். முற்றும் அப்படித்தான். ‘அவர் டாக்டர்’ என்பது நமக்கு முழு வாக்கியம். அங்கே ‘ஹி இஸ் எ டாக்டர்’ என்று ‘இஸ்’ வந்தாக வேண்டும்.

வாலில் கட்டுவதும் தலையில் கட்டுவதும்

இனி முக்கியமான இடம். ‘காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து ஆபீஸ் போனேன்.’ இதில் ஐந்து செயல் இருக்கிறது, முற்று ஒன்றுதான். மீதி நான்கும் வினையெச்சம். தமிழின் இயல்பு இது: எவ்வளவு நீளமாகப் போனாலும் எச்சங்களாக அடுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் ஒரு முற்றில் இறக்கிவைப்போம். ஆங்கிலம் இதையே ‘ஐ காட் அப், ஹேட் எ பாத், ஏட் அண்ட் டுக் த பஸ் டு த ஆபீஸ்’ என்று சொல்லும். காட், ஹேட், ஏட், டுக் என நான்குமே முற்று. ‘நேற்று’ சோதனை வைத்தாலும் தெரியும்; இன்றைக்கு என்றால் கெட், ஹேவ், ஈட், டேக் என்று எல்லாம் சேர்ந்து மாறும். நாம் எச்சமாக வைப்பதை அவர்கள் பெரும்பாலும் முற்றாக வைக்கிறார்கள்.

முற்றுக்கு மேல் முற்று வந்தால் அவற்றை இணைக்க ஏதாவது வேண்டுமே? இணைப்புச் சொற்கள் அதற்குத்தான். ‘மழை பெய்ததால் மேட்ச் நின்றது’ என்பதில் காரணத்தைச் சொல்வது ‘ஆல்’. அது ‘பெய்தது’ என்பதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘த மேட்ச் ஸ்டாப்ட் பிகாஸ் இட் ரெயிண்ட்’ என்பதில் அதே வேலையைச் செய்யும் ‘பிகாஸ்’ க்ளாஸின் தலையில் நிற்கிறது. நாம் வாலில் கட்டுவதை ஆங்கிலம் தலையில் கட்டும். பெய்தால் என்பதன் வால் ‘இஃப்’ ஆகிறது. பெய்தபோது என்றால் ‘வென்’, பெய்த பிறகு என்றால் ‘ஆஃப்டர்’, பெய்யும் முன் என்றால் ‘பிஃபோர்’, பெய்யும் வரை என்றால் ‘அன்டில்’, பெய்தபோதிலும் என்றால் ‘ஆல்தோ’.

இப்படித் தலையில் இணைப்புச் சொல் கட்டிய க்ளாஸ் தனியாக நிற்காது. ‘பிகாஸ் இட் ரெயிண்ட்’ என்று சொல்லி முற்றுப்புள்ளி வைத்தால், ‘மழை பெய்ததால்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவதற்குச் சமம். கேட்டவர் ‘பெய்ததால் என்ன?’ என்று நின்றுகொண்டிருப்பார். இதைத்தான் சப்ஆர்டினேட் க்ளாஸ், சார்பு க்ளாஸ் என்கிறார்கள். ‘த மேட்ச் ஸ்டாப்ட்’ தன் காலில் நிற்கிறது; அது மெயின் க்ளாஸ்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, ‘ஆல்தோ இட் ரெயிண்ட், பட் தே பிளேட்’ என்று எழுதுவது. இரண்டு க்ளாஸை இணைக்க ஒரு முடிச்சு போதும். ஆல்தோ போட்டாயிற்று என்றால் பட் வேண்டாம், பட் வேண்டுமென்றால் ஆல்தோவை எடுத்துவிடலாம். பிகாஸுக்கும் ஸோவுக்கும் இதே கதைதான். இன்னொன்று, ‘இஃப் இட் வில் ரெயின் டுமாரோ’. நாளைக்குத்தானே, வில் போட்டால் என்ன என்று தோன்றும். ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ’ என்பதே வழக்கு; எதிர்காலத்தை மெயின் க்ளாஸ் பார்த்துக்கொள்ளும். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நாமும் ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்று இறந்தகால வடிவத்தில்தானே சொல்கிறோம்!

‘நான் எழுதிய’ என்பது எத்தனை வகை

பெயரெச்சத்துக்கு வருவோம். ஆங்கிலத்தைப் படிக்கும்போது தமிழருக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

‘நேற்று கடைக்கு வந்த பையன்’ என்பதில் பையனைப் பற்றிய சேதி எல்லாம் முன்னால் வந்து, பையன் கடைசியில் வருகிறான். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், சேதி பின்னால் வரும்: ‘த பாய் ஹூ கேம் டு த ஷாப் யெஸ்டர்டே’. இதை ரிலேட்டிவ் க்ளாஸ் என்பார்கள். அதன் முற்று ‘கேம்’, எழுவாய் ‘ஹூ’. இந்த க்ளாஸ் பெயருக்கும் அதன் முற்றுக்கும் நடுவில் புகுந்துகொள்வதால்தான் படிப்பவர் தடுமாறுகிறார். ‘த பாய் ஹூ கேம் டு த ஷாப் யெஸ்டர்டே லாஸ்ட் ஹிஸ் பேக்.’ பையைத் தொலைத்தது கடையும் இல்லை, நேற்றும் இல்லை, பையன். ‘ஹூ’வில் தொடங்கி ‘யெஸ்டர்டே’ வரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: ‘த பாய் லாஸ்ட் ஹிஸ் பேக்.’ மெயின் க்ளாஸ் அதுதான்.

அப்புறம் இன்னொரு நுட்பம். ‘நான் எழுதிய’ என்ற பெயரெச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய கடிதம், நான் எழுதிய பேனா, நான் எழுதிய அறை, நான் எழுதிய நாள். எழுதப்பட்டது கடிதம். பேனா எழுதுவதற்கு உதவிய கருவி, அறை எழுதிய இடம், நாள் எழுதிய காலம். நான்கும் நான்கு விதமான உறவு, ஆனால் தமிழ் எல்லாவற்றுக்கும் ‘எழுதிய’ என்ற ஒரே வடிவத்தைத்தான் போடுகிறது. உறவு என்ன என்பதைக் கேட்பவரின் அறிவுக்கு விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த உறவைப் பொதுவாக வெளியே காட்டியாக வேண்டும். ‘த லெட்டர் தட் ஐ ரோட்’, ‘த பென் தட் ஐ ரோட் வித்’, ‘த ரூம் வேர் ஐ ரோட்’, ‘த டே வென் ஐ ரோட்’. பேனாவுக்கு வரும் அந்த ‘வித்’தைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ‘த பென் தட் ஐ ரோட்’ என்றால் பேனாவையே எழுதியதாக ஆகிவிடும். ‘எதனால்? எதில்? யாரோடு?’ என்று நம் வேற்றுமை உருபுகளை வைத்து ஒரு கேள்வி கேட்டால் எந்தச் சொல் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

‘த லெட்டர் ஐ ரோட்’ என்று நடுவே ‘தட்’ இல்லாமலும் வரும். ஒரு பெயரை ஒட்டியே இன்னோர் எழுவாய் வந்து நின்றால் அங்கே ‘தட்’ மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ‘ஹூ’ எழுவாயாக இருக்கும்போது இப்படி விட முடியாது. ‘த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ என்பதில் ஹூவை எடுத்தால் ‘பையன் நேற்று வந்தான்’ என்று அதுவே முழு வாக்கியமாகிவிடும்.

கமாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘துபாயில் இருக்கும் என் தம்பி போன் செய்தான்.’ எனக்கு ஒரே தம்பியா, பல தம்பிகளில் துபாயில் இருப்பவனா? தமிழ் வாக்கியம் சொல்லவில்லை. ஆங்கில எழுத்தில் ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் துபாய்’ என்று கமா இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் துபாய்க்காரனைப் பிரித்துக் காட்டுகிறோம் என்று பொருள். ‘மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் துபாய், கால்ட் மீ’ என்று இரு பக்கமும் கமா போட்டால் அது கூடுதல் தகவல் மட்டுமே. தம்பி யார் என்பதில் குழப்பம் இல்லை.

‘என்று’ போய் ‘தட்’ வரும்போது

மூன்றாவது வகை, ஒரு க்ளாஸே பெயர்போல நிற்பது. ‘அவன் வருவான் என்று நினைக்கிறேன்’ என்பது ‘ஐ திங்க் தட் ஹி வில் கம்’ ஆகும். மறுபடியும் பாருங்கள்: ‘என்று’ நம் க்ளாஸின் வாலில், ‘தட்’ அவர்கள் க்ளாஸின் தலையில்.

இதில் கேள்வி நுழைந்தால்தான் சிக்கல். ‘அவன் எங்கே போகிறான்?’ என்பதை ‘அவன் எங்கே போகிறான் என்று தெரியவில்லை’ என்று நீட்டும்போது தமிழில் உள்ளே ஒரு சொல்லும் நகர்வதில்லை. ஆங்கிலத்தில் நகரும். ‘வேர் இஸ் ஹி கோயிங்?’ என்பது கேள்வி. ‘ஐ டோண்ட் நோ வேர் ஹி இஸ் கோயிங்’ என்று அது க்ளாஸாகும்போது ‘இஸ்’ தன் பழைய இடத்துக்கு, எழுவாய்க்குப் பின்னால், திரும்பிவிடுகிறது. ‘இஸ்’ எழுவாய்க்கு முன்னால் வந்து நிற்பது கேட்கிறோம் என்பதற்கான அடையாளம். ‘தெரியவில்லை’ என்று சொல்பவர் கேட்கவில்லை, சொல்கிறார். ஆகவே அடையாளம் தேவையில்லை. ‘டூ யூ நோ வாட் த டைம் இஸ்?’ என்பதும் இப்படியே. கேள்விக்கான மாற்றம் ‘டூ யூ’ என்பதில் ஏற்கெனவே நடந்துவிட்டது. நன்றாக ஆங்கிலம் பேசுபவர்கள்கூட ‘டெல் மீ வாட் இஸ் யுவர் நேம்’ என்பார்கள். பேச்சில் புரிந்துவிடும், எழுத்தில் திருத்திக்கொள்வது நல்லது.

நீளத்துக்கும் காம்ப்ளக்ஸுக்கும் சம்பந்தமில்லை

பரீட்சைக் கேள்வி இப்போது எளிது. உடம்பு சரியில்லை, வீட்டில் இருந்தான் என்ற இரண்டு சேதியை வைத்துக்கொள்வோம். ‘ஆஸ் ஹி வாஸ் ஸிக், ஹி ஸ்டேட் ஹோம்’ என்றால் ஒரு சார்பு க்ளாஸ், ஒரு மெயின் க்ளாஸ், இது காம்ப்ளக்ஸ். ‘ஹி வாஸ் ஸிக், ஸோ ஹி ஸ்டேட் ஹோம்’ என்றால் இரண்டும் தன் காலில் நிற்கும் க்ளாஸ், இது காம்பவுண்ட். ‘பியிங் ஸிக், ஹி ஸ்டேட் ஹோம்’ என்றால் ‘பியிங்’ எச்சம், முற்று ‘ஸ்டேட்’ மட்டுமே, இது சிம்பிள். கடைசியாகச் சொன்னது ‘உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தான்’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

சிம்பிள் என்றால் சின்ன வாக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரையை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 85 சொற்கள், ஒரே வாக்கியம். ‘வீ’ என்று எழுவாயோடு தொடங்குகிறது. ‘ஹேவிங் சாலம்லி ரிசால்வ்ட்’ வருகிறது. அது எச்சம், உறுதி பூண்டு என்பதுபோல. ‘டு கான்ஸ்டிட்யூட்’, ‘டு செக்யூர்’, ‘டு ப்ரமோட்’ மூன்றும் எச்சம். ‘அஷ்யூரிங்’ எச்சம். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் கடந்து, 1949 நவம்பர் 26 என்ற தேதியையும் கடந்து, எழுபதுக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பிறகு முற்று வருகிறது: ‘டூ ஹியர்பை அடாப்ட், எனாக்ட் அண்ட் கிவ்’. காலத்தை மாற்றிச் சொன்னால் ‘டூ’ மட்டும் ‘டிட்’ ஆகும்; வேறு எதுவும் அசையாது. 1976-இல் 42-ஆவது திருத்தம் சோஷலிஸ்ட், செக்யூலர், இண்டெக்ரிட்டி ஆகிய சொற்களை உள்ளே சேர்த்தது. அதற்குப் பிறகும் எழுவாய் அதேதான், முற்று அதேதான், க்ளாஸ் ஒன்றேதான். இலக்கணப்படி முகப்புரை ஒரு சிம்பிள் வாக்கியம்.

அதைக் காம்ப்ளக்ஸாக மாற்றச் சொன்னால்? ‘ஹேவிங் ரிசால்வ்ட்’ என்ற எச்சத்துக்கு ஓர் எழுவாயும் தலையில் ஓர் இணைப்புச் சொல்லும் கொடுத்து, ‘ஆஸ் வீ ஹேவ் ரிசால்வ்ட்’ என்று முற்றாக்கினால் போதும்.